ஆங்கிலச் சொல்லின் பூர்வீகம் பார்ப்பது எப்படி? எல்லையோரப் பிள்ளைகளுக்கு ஒரு வழிகாட்டி

தமிழ்நாடு, கேரள எல்லையில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் பக்கம் வளரும் பிள்ளைகளுக்குச் சின்ன வயதிலேயே இரண்டு மூன்று மொழிகள் காதில் ஏறிவிடும். வீட்டில் தமிழ், பஸ்ஸிலும் பஞ்சாயத்து ஆபீஸிலும் மலையாளம், சில வீடுகளில் தெலுங்கு. இவ்வளவு இருந்தும் ஆங்கிலம் என்றால் மட்டும் அர்த்தத்தை மனப்பாடம் செய்து ஒப்பிக்கிறார்கள். எனக்கு அதில் வருத்தம். ஒரு சொல் எங்கே பிறந்தது, எந்த வழியாக வந்தது என்று ஒரு முறை தேடிப் பார்த்தவர்களுக்கு அதன் அர்த்தமும் ஸ்பெல்லிங்கும் மறக்காது. அந்தத் தேடலுக்கு நம் எல்லையோரக் காது பெரிய முதல். அந்தக் காதை எங்கே நம்பலாம், எங்கே நம்பக் கூடாது என்பதுதான் இதில் கற்றுக்கொள்ள வேண்டியது. இப்போதுதான் தொடங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதல் படி: தினமும் வாயில் வரும் சொல்லை எடுங்கள்

பெரிய சொற்களைத் தேடிப் போக வேண்டாம். ஸ்கூல், பஸ், விண்டோ, பிரேக்ஃபாஸ்ட், இவை போதும். ஒரு நோட்டில் சொல்லை எழுதி, பக்கத்தில் இன்றைய அர்த்தத்தை எழுதுங்கள். அதற்கும் கீழே உங்கள் ஊகத்தைப் பென்சிலால் எழுதுங்கள். ஊகத்தைத் தனியாக வைப்பது முக்கியம். அகராதியைத் திறந்த பிறகு, நாம் முதலில் என்ன நினைத்தோம் என்பதே நமக்கு நினைவிருக்காது.

'ஸ்கூல்' கிரேக்கத்தில் ஓய்வு நேரம் என்ற பொருளில் இருந்த சொல்லிலிருந்து வருகிறது. ஓய்வு உள்ளவர்கள் கூடிப் பேசுவது, அது பாடமாவது, பாடம் நடக்கும் இடம் என்று பொருள் நகர்ந்தது. 'பஸ்' என்பது 'ஆம்னிபஸ்' என்ற லத்தீன் சொல்லின் வால். 'எல்லாருக்கும்' என்று அர்த்தம். 1820களில் பிரான்சில் யார் வேண்டுமானாலும் ஏறலாம் என்று ஓட்டிய குதிரை வண்டிகளுக்கு வைத்த பெயர் அது. நாம் ஆனவண்டி என்று அழைக்கும் கேரள அரசு பஸ்ஸுக்கும் அந்தப் பெயர்தான் பொருந்துகிறது. 'பிரேக்ஃபாஸ்ட்' இரவு நோன்பை முறிப்பது. 'விண்டோ' வடக்கு ஐரோப்பியக் கடலோடிகளான வைக்கிங்குகளின் மொழியான பழைய நார்ஸில் காற்றின் கண்.

இரண்டாம் படி: சரியான அகராதியைத் திறங்கள்

மாணவர்களுக்கான சின்ன அகராதிகளில் பூர்வீகம் இருக்காது. பெரிய அச்சு அகராதிகளில் ஒரு சொல்லின் தொடக்கத்திலோ முடிவிலோ சதுர அடைப்புக்குள் பொடி எழுத்தில் இருக்கும். கைபேசி உள்ளவர்கள் தேடுபொறியில் சொல்லையும் பக்கத்தில் 'எட்டிமாலஜி' (etymology, சொல்லின் பூர்வீகம்) என்பதையும் ஆங்கிலத்தில் தட்டினால் போதும். டக்ளஸ் ஹார்ப்பர் தொகுத்த 'எட்டிம்ஆன்லைன்' அகராதி இலவசம், தொடங்குகிறவர்களுக்கு ஏற்றது. எல்லாவற்றுக்கும் தாயான ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி 1884இல் முதல் பகுதி வந்து 1928இல்தான் முடிந்தது. ஒரு சொல் எழுத்தில் அகப்பட்ட முதல் இடத்திலிருந்து மேற்கோள்களைத் தேதி வாரியாக அடுக்கியிருப்பதுதான் அதன் பெருமை. முழுசாகப் பார்க்க நூலகத்தின் உதவியோ கட்டணமோ வேண்டியிருக்கும்.

அந்தப் பொடி எழுத்தைப் படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள். ஓ.ஈ. என்றால் பழைய ஆங்கிலம், சுமாராக 1150 வரை. எம்.ஈ. என்றால் நடுக்கால ஆங்கிலம், 1500 வரை. ஓ.எஃப். பழைய பிரெஞ்சு, எல். லத்தீன். சொல்லின் முன்னால் நட்சத்திரக் குறி இருந்தால், அந்த வடிவம் எந்த ஏட்டிலும் கிடைத்ததில்லை, பல மொழிகளை ஒப்பிட்டு அறிஞர்கள் கட்டியெழுப்பியது என்று அர்த்தம். 'காக்னேட்' என்றிருந்தால் அது தாய்ச்சொல் இல்லை, கூடப்பிறந்த சொல். பிள்ளைகள் அதிகம் குழம்புவது இங்கேதான். 'ஒன்' என்ற சொல்லுக்கு ஜெர்மனின் 'ஐன்', லத்தீனின் 'ஊனுஸ்' எல்லாம் உடன்பிறப்புகள். ஒன்றிலிருந்து ஒன்று பிறந்தவை அல்ல.

தேதியைப் பற்றியும் ஒரு வார்த்தை. அகராதியில் இருக்கும் ஆண்டு, அந்தச் சொல் எழுத்தில் முதன்முதலாகக் கிடைத்த ஆண்டு. பேச்சில் அதற்கும் முன்பே இருந்திருக்கும்.

மூன்றாம் படி: எந்த அடுக்கு என்று பாருங்கள்

ஆங்கிலம் அடுக்கடுக்காகச் சேர்ந்த மொழி. அடியில் பழைய ஆங்கிலம். அதன்மேல் வைக்கிங்குகள் கொண்டுவந்த நார்ஸ் சொற்கள். 1066இல் நார்மாண்டியிலிருந்து வந்தவர்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பிரெஞ்சு. அப்புறம் அறிஞர்கள் ஏட்டிலிருந்து எடுத்த லத்தீனும் கிரேக்கமும். கடைசியில் கப்பலேறி வந்த உலகச் சொற்கள். ஒரு சொல் எந்த அடுக்கு என்று தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது. தொழுவத்தில் நிற்கும்போது கவ், ஷீப் என்று பழைய ஆங்கிலப் பெயர். தட்டுக்கு வந்ததும் பீஃப், மட்டன் என்று பிரெஞ்சுப் பெயர்.

'எக்' நார்ஸ் சொல். அசல் ஆங்கிலத்தில் முட்டைக்கு 'எய்' என்றும், பன்மையில் 'எய்ரென்' என்றும் பெயர். இங்கிலாந்தில் அச்சுத் தொழிலைத் தொடங்கிய வில்லியம் கேக்ஸ்டன் 1490இல் எழுதிய முன்னுரையில் இதைப் பற்றி ஒரு கதை சொல்கிறார். ஒரு வணிகர் கரையிறங்கி ஒரு வீட்டில் 'எக்' கேட்கிறார். வீட்டுக்காரப் பெண்மணி தனக்குப் பிரெஞ்சு தெரியாது என்கிறாள். அவருக்கும்தான் பிரெஞ்சு தெரியாது, கோபம் வந்துவிடுகிறது. கூட வந்தவர் 'எய்ரென்' என்று சொன்ன பிறகுதான் அவளுக்குப் புரிகிறது. வாளையாறு செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கடையில் சாமான் கேட்டுப் பழகிய நமக்கு இந்தக் கதையை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

ஸ்பெல்லிங் சங்கடங்களுக்கும் இந்தப் படியில் விடை கிடைக்கும். கடனைக் குறிக்கும் 'டெட்' (debt) சொல்லில் ஒலிக்காத 'பி' ஏன்? பிரெஞ்சிலிருந்து வந்தபோது அந்த எழுத்து அதில் இல்லை. லத்தீனில் 'டெபிட்டும்' என்று இருக்கிறதே என்று படித்தவர்கள் பிற்காலத்தில் செருகினார்கள். 'ஐலண்ட்' சொல்லில் உள்ள 'எஸ்' இன்னும் மோசம். அது லத்தீனோடு சம்பந்தமே இல்லாத பழைய ஆங்கிலச் சொல். 'ஐல்' என்ற பிரெஞ்சுச் சொல்லைப் பார்த்து அங்கே இருந்த எழுத்தை இங்கேயும் நுழைத்துவிட்டார்கள். இதைத் தெரிந்துகொண்ட பிள்ளை அந்த ஸ்பெல்லிங்கில் பிறகு தடுமாறாது.

நான்காம் படி: அர்த்தம் நகர்ந்ததைக் குறித்துக்கொள்ளுங்கள்

'நைஸ்' லத்தீனில் 'அறியாதவன்' என்ற சொல்லிலிருந்து வந்து, ஆங்கிலத்தில் முதலில் முட்டாள்தனமான என்ற பொருளில் வழங்கியது. 'சில்லி' அதற்கு நேர்மாறாக, பாக்கியம் பெற்ற என்ற இடத்திலிருந்து இறங்கி அசட்டுத்தனத்துக்கு வந்தது. 'கேர்ல்' ஆணோ பெண்ணோ எந்தக் குழந்தையையும் குறித்தது. ஆகவே வேர்ப்பொருள்தான் 'உண்மையான' பொருள் என்று யாரிடமும் வாதாட வேண்டாம். இன்று வழங்குவதுதான் இன்றைய பொருள். வேர் அது புறப்பட்ட இடத்தைக் காட்டும், அவ்வளவுதான்.

ஐந்தாம் படி: நம் ஊரிலிருந்து போன சொற்கள்

இங்கேதான் நம் காதுக்கு வேலை. இங்கே கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக் கரைக்கு வந்ததிலிருந்து போர்ச்சுக்கீசியர்கள் மலபார்ச் சரக்கை வாங்கினார்கள், சரக்கோடு பெயரையும் வாங்கினார்கள். ஆங்கிலேயர்கள் பிறகு அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். அதனால் நம் சொல் ஆங்கிலத்துக்குப் போன வழியில் பல நேரம் நடுவில் ஒரு போர்ச்சுக்கீசிய வடிவம் நிற்கும். அந்த நடு வடிவத்தைக் கண்டுபிடித்து நோட்டில் எழுதாமல் அடுத்த சொல்லுக்குப் போகாதீர்கள்.

'ஜாக்ஃப்ரூட்' எடுங்கள். 'பலா'வை வைத்துத் தேடினால் எதுவும் கிடைக்காது. நம் பக்கம் பேச்சில் 'சக்கை' என்கிறோமே, மலையாளத்தில் 'சக்க', அதுதான் போர்ச்சுக்கீசியத்தில் 'ஜாக்கா' ஆகி ஆங்கிலத்தில் 'ஜாக்' ஆயிற்று. சென்னையில் வளர்ந்த பிள்ளைக்கு இது சட்டென்று தோன்றாது, நமக்குத் தோன்றும். அதேபோல 'அரீக்கா' மலையாள 'அடைக்க', நம் பழைய 'அடைக்காய்'. 'பீட்டல்' நம் வெற்றிலை, மலையாள 'வெற்றில'. 'டீக்' நம் தேக்கு, நடுவில் போர்ச்சுக்கீசிய 'தெக்கா'. பறம்பிக்குளத்துக்குப் போய் அந்தப் பெரிய கன்னிமரத் தேக்கை அண்ணாந்து பார்த்தவர்கள், உலகம் முழுக்க மரக்கடைகளில் சொல்லும் பெயர் இந்தக் காடுகளின் பேச்சிலிருந்து போனது என்று நினைத்துப் பாருங்கள்.

'கொப்பரை' அப்படியே 'கோப்ரா' ஆயிற்று. பாம்பைக் குறிக்கும் 'கோப்ரா' வேறு சொல். அது போர்ச்சுக்கீசியத்தில் பாம்பு என்றே பொருள்படுவது. ஆங்கிலத்தில் எழுதும்போது இரண்டுக்கும் எழுத்து வேறு: கொப்பரை copra, பாம்பு cobra.

கிழக்குக் கரையிலிருந்து போனவை தனி. 'செரூட்' நம் சுருட்டு, 'கட்டமரான்' கட்டுமரம், 'மல்லிகட்டானி' மிளகுத்தண்ணீர். தெலுங்கிலிருந்து 'பாண்டிகூட்'. 'பந்திகொக்கு' என்றால் பன்றியெலி. நம் ஊர்ப் பெருச்சாளிக்கு ஆங்கிலேயர் வைத்திருந்த பெயரைப் பிறகு ஆஸ்திரேலியாவில் பையுள்ள ஒரு பிராணிக்கும் வைத்துவிட்டார்கள். இரண்டுக்கும் உறவே கிடையாது.

முதலமடை மாந்தோப்புகளைப் பார்த்து வளர்ந்தவர்கள் கட்டாயம் 'மேங்கோ'வைத் தேட வேண்டும். ஒரு அகராதி போர்ச்சுக்கீசிய 'மங்கா'வுக்குப் பின்னால் மலாய் மொழியையும், அதற்கும் பின்னால் தமிழ் மாங்காயையும் காட்டும். இன்னொன்று நேரே மலையாள 'மாங்ங'விடம் போகும். இப்படி மாறுபட்டால் இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள், ஒன்றை அடிக்க வேண்டாம். கப்பலில் பல மாதம் போக வேண்டியிருந்ததால் மாங்காய் ஊறுகாயாகத்தான் ஐரோப்பா போய்ச் சேர்ந்தது. அதனால் ஒரு காலத்தில் ஆங்கிலத்தில் 'மேங்கோ' என்றால் ஊறுகாய் என்றே ஆகி, முலாம்பழத்தையும் வெள்ளரியையும் அப்படிப் போட்டாலும் அதே பெயர் சொன்னார்கள். அமெரிக்காவின் சில பகுதிகளில் குடமிளகாய்க்கே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

நெல்லியாம்பதி ஆரஞ்சுக்கு இதைவிட நீண்ட பயணம். நம் நாரத்தை, மலையாள 'நாரங்ங' இருக்கிற திராவிடக் குடும்பத்திலிருந்து சமஸ்கிருத 'நாரங்க', பாரசீக 'நாரங்', அரபு 'நாரஞ்', இத்தாலியத்திலும் பிரெஞ்சிலும் வரும்போது முதல் 'ந' காணோம். ஏன்? அங்கே பெயருக்கு முன்னால் 'ஒரு' என்பதற்கு வரும் சொல் 'ன்' ஒலியில் முடியும். இரண்டு 'ந' சேர்ந்து ஒலிக்க, பழத்தின் 'ந' முன்சொல்லுக்குச் சொந்தமாகிவிட்டது. ஆங்கிலத்திலேயே இப்படி நடந்திருக்கிறது. 'ஏப்ரன்' முன்பு 'நேப்ரன்', பாம்பான 'ஆடர்' முன்பு 'நாடர்'. ஆங்கிலத்தில் ஆரஞ்சு முதலில் பழம் மட்டும். நிறத்துக்கு அந்தப் பெயர் வர ஏறத்தாழ 200 ஆண்டு ஆயிற்று.

ஆறாம் படி: நம் பக்கத்து அகராதிகளிலும் சரிபாருங்கள்

ஆங்கில அகராதி 'தமிழிலிருந்து' என்று சொன்னால் அதோடு நிறுத்தக் கூடாது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய மின்னகராதித் தளத்தில் எல்லாம் இலவசமாக இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன், தெலுங்குக்கு பிரவுன், எல்லாத் திராவிட மொழிகளையும் சேர்த்து ஒப்பிடும் பர்ரோ, எமனோ அகராதி என்று தேவையானதெல்லாம் கிடைக்கும். தலச்சேரியில் இருந்து மலையாளம் படித்து ஹெர்மன் குண்டர்ட் 1872இல் வெளியிட்ட அகராதி மலையாளத்துக்கு இன்றும் நல்ல துணை. 1886இல் யூலும் பர்னெலும் வெளியிட்ட 'ஹாப்சன் ஜாப்சன்', இந்தியாவில் ஆங்கிலேயர் புழங்கிய சொற்களுக்கென்றே தொகுத்தது. அதில் வேர் பற்றிய ஊகங்கள் சில பழசாகிவிட்டன, ஆனால் பழைய பயணிகளின் ஏடுகளிலிருந்து ஆண்டுவாரியாகத் தரும் மேற்கோள்கள் பொக்கிஷம்.

நோட்டில் ஒரு சொல் எப்படி முடிய வேண்டும் என்பதற்கு 'கொயர்' ஒரு மாதிரி: "இன்றைய பொருள், தேங்காய் நார். வழி, மலையாள 'கயறு' அல்லது 'காயர்', போர்ச்சுக்கீசிய 'கைரோ', ஆங்கிலம். தமிழில் உடன்பிறப்பு, கயிறு. மாற்றம், நமக்கு அது திரித்து முடித்த பொருள், ஆங்கிலத்தில் திரிப்பதற்கு முந்தைய நார்." இவ்வளவு எழுதினால் போதும்.

ஏழாம் படி: இனிக்கிற கதைகளைச் சந்தேகப்படுங்கள்

என்னிடம் படிக்க வரும் பிள்ளைகள் அடிக்கடி கேட்பது, "சார், எட்டுதானே எய்ட் ஆச்சு? ஒன்றுதானே ஒன்?" என்பது. தமிழ்மேல் உள்ள பாசத்தில் கேட்கிறார்கள், அந்தப் பாசத்தை நான் மதிக்கிறேன். ஆனால் இரண்டு சொல்லையும் அவற்றின் பழைய வடிவத்துக்குக் கொண்டுபோய் ஒப்பிட வேண்டும் என்பதுதான் விதி. 'எய்ட்' பழைய ஆங்கிலத்தில் 'எயஹ்த', லத்தீனில் 'ஆக்டோ', சமஸ்கிருதத்தில் 'அஷ்ட'. நம் எட்டின் வேரோ 'எண்'. எண்பது, எண்ணூறு என்று இன்றும் சொல்கிறோம். தெலுங்கில் 'எனிமிதி'. வேருக்குப் போகப் போக இரண்டும் விலகுகின்றன. உறவிருந்தால் நெருங்க வேண்டும். 'ஒன்' பழைய ஆங்கிலத்தில் 'ஆன்'. இன்று கேட்கும் 'வ' ஒலி பிற்காலத்தில் ஒட்டியது, 'அலோன்', 'ஒன்லி' இரண்டிலும் அந்த ஒலி இல்லாததைக் கவனியுங்கள்.

'கேஷ்' இன்னும் நுட்பமானது. ஆங்கிலத்தில் இரண்டு 'கேஷ்' உண்டு. கடையில் கொடுக்கும் ரொக்கம், பணப்பெட்டியைக் குறிக்கும் பிரெஞ்சு, இத்தாலியச் சொல்லிலிருந்து வந்தது. கீழை நாடுகளின் சில்லறை நாணயங்களுக்கு ஐரோப்பியர் சொன்ன 'கேஷ்' நம் காசு, போர்ச்சுக்கீசியம் வழியாகப் போனது. எழுத்து ஒன்று, ஒலி ஒன்று, பிறப்பு வேறு. காசிலிருந்துதான் ரொக்கம் வந்தது என்று சொல்கிறவர் பாதி சரி என்பதால்தான் இந்தத் தவறு இவ்வளவு காலம் நிற்கிறது.

'சாலரி' லத்தீனில் உப்போடு சேர்ந்த சொல்தான், அதில் ஐயமில்லை. ஆனால் ரோமானிய வீரர்களுக்கு உப்பையே கூலியாக அளந்தார்கள் என்பதற்குப் பழைய ஆதாரம் கிடையாது. சம்பா நெல்லும் அளத்து உப்பும் சேர்ந்து சம்பளம் ஆனது என்று நம் பக்கம் சொல்கிறார்களே, அதையும் இதே கண்டிப்போடு பாருங்கள்.

முதலெழுத்துகளைச் சேர்த்துச் சொல் பிறந்ததாக யாராவது சொன்னால் உடனே தேதியைப் பாருங்கள். அந்தப் பழக்கம் பரவியது 20ஆம் நூற்றாண்டில். ரேடார், லேசர் அப்படி வந்தவை. 'நியூஸ்' நான்கு திசைகளின் முதலெழுத்து அல்ல, 'புதியவை' என்பதே. 'டிப்', 'பாஷ்' (posh) பற்றிச் சொல்லும் இதே மாதிரி முதலெழுத்துக் கதைகளுக்கும் ஆதாரமில்லை. இதில் விதிவிலக்கு 'ஓகே'. 1839இல் பாஸ்டன் பத்திரிகை ஒன்றில் 'ஆல் கரெக்ட்' என்பதை வேண்டுமென்றே தப்பு ஸ்பெல்லிங்கில் எழுதி அதன் முதலெழுத்தை எடுத்த வேடிக்கை அது. ஆலன் வாக்கர் ரீட் என்ற அறிஞர் 1960களில் பழைய பத்திரிகைகளைப் புரட்டி இதை நிறுவினார்.

பயிற்சிக்கு ஒரு சொல்

பாலக்காட்டுச் சித்தூரில் தென்னந்தோப்புகளில் காலையில் கேன்களில் ஏற்றிக் கேரளம் முழுக்கப் போகிறதே, அதை ஆங்கிலத்தில் 'டாடி' என்கிறார்கள். 'கள்'ளை வைத்துத் தேடாதீர்கள், கிடைக்காது. இந்தியில் பனைக்கு 'தாட்', பனங்கள்ளுக்கு 'தாடி'. அந்த நடு ஒலி நாக்கை மடித்துச் சொல்லும் வடக்கத்தி 'ட'வும் 'ர'வும் கலந்த ஒலி. ஆங்கிலேயர் காதில் முதலில் 'ர' என்று விழுந்து 'தாரி' என எழுதினார்கள், பிறகு 'ட' என்று நிலைத்தது. தெலுங்கு தெரிந்த வீட்டில் பனைமரத்துக்கு என்ன பெயர் என்று கேளுங்கள். 'தாடி செட்டு' என்பார்கள். அந்தப் பதிலோடு பர்ரோ, எமனோ அகராதியைத் திறந்து பனைக்கு என்னென்ன மொழியில் என்னென்ன பெயர் என்று பாருங்கள். அப்புறம் இதே சொல் ஸ்காட்லாந்தில் வெந்நீரும் சர்க்கரையும் சேர்த்த விஸ்கிக்கு எப்படிப் பெயரானது என்பதை ஆக்ஸ்ஃபோர்டு மேற்கோள்களில் தேதி வரிசையில் தேடி எழுதுங்கள்.